இருபத்து நான்கு கட்டம், ஒரே ஒரு தேங்காய்

கேள்வி:

அக்கா, நான் கேம் டிசைன் அண்டு டெவலப்மெண்ட் படிக்கிறேன். மூன்று வருஷப் படிப்பு, இது கடைசி வருஷம். சொந்த ஊர் தென்காசிப் பக்கம், கோவையில் விடுதியில் இருக்கிறேன். முதல் வருஷம் ஓவியம், அனிமேஷன், கொஞ்சம் சி ஷார்ப் கோடிங். அடுத்து யூனிட்டி என்ற கேம் இன்ஜின், முப்பரிமாண உருவங்களுக்கு பிளெண்டர், பிறகு அன்ரியல் என்ற இன்னொரு இன்ஜின். யூடியூபில் நூறு டுடோரியலுக்கு மேல் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறேன். ஆனால் டுடோரியலை மூடிவிட்டு வெறும் திரையைப் பார்த்தால் கை ஓடமாட்டேன் என்கிறது. ஒன்றரை வருஷமாகச் சோழர் காலத்தை வைத்து, இஷ்டப்படி சுற்றித் திரியக்கூடிய ஓர் ஓப்பன் வேர்ல்ட் கேம் செய்கிறேன், பாதிகூட முடியவில்லை. நன்றாக வரைகிற நண்பர்களுக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்துவிட்டது. எனக்கு வரையவும் வராது, கோடிங்கும் சுமார்தான். அப்பா போனில், “ரம்மி கம்பெனிக்கா வேலைக்குப் போகப்போற?” என்கிறார். படிப்பை விட்டுவிடலாமா? டிசைனா, புரோகிராமிங்கா, எதைப் பிடித்துக்கொள்வது? என் கேமின் பில்டை, அதாவது விளையாடிப் பார்க்கும் வடிவத்தை, அனுப்பியிருக்கிறேன். நேரம் இருந்தால் பாருங்கள்.

– இறுதியாண்டு மாணவர், கோவை

பதில்:

நேரம் இருந்தது தம்பி. ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து முக்கால் மணி நேரம் விளையாடினேன். முதலில் அதைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அப்பா விஷயம் பிறகு.

முகப்புத் திரையில் புகை, புலிக்கொடி, பறை எல்லாம் ஜோராக இருக்கிறது. ‘தொடங்கு’ என்று தட்டினால் ஒரு தென்னந்தோப்பு. டேப் விசையை அழுத்தினேன், இன்வென்டரி, அதாவது எடுத்த சாமான்களை வைக்கும் பை, திறந்தது. ஆறுக்கு நான்கு, மொத்தம் 24 கட்டம். ஆயுதம், கவசம், மருந்து, ஓலை என்று நான்கு பிரிவு. நீ கட்டியிருக்கும் நிலப்பரப்பு முழுக்க நடந்து பார்த்துவிட்டேன். எடுத்துப் போட்டுக்கொள்ளக் கிடைத்தது ஒரே ஒரு தேங்காய்.

சிரித்துவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. என் முதல் கேமில் ஒரு கடை இருந்தது, கடைக்காரர் இருந்தார், அவர் பேரம் பேச வசனம்கூட எழுதி வைத்திருந்தேன். வாங்கத்தான் ஒரு சாமானும் இல்லை.

ஆனால் அந்தத் தேங்காய்! மரத்தைத் தட்டினால் ஒரு கணம் ஆடுகிறது, விழுகிறது, ‘டொக்’ என்று ஒரு சத்தம், சின்னதாக ஒரு துள்ளல், இரண்டு உருட்டு உருண்டு நிற்கிறது. லெவலை மறுபடி மறுபடி ஏற்றி நான்கு தடவை அதைத் தட்டினேன். வேலையாக இல்லை, ஆசையாக. இதை மனசில் வை, திரும்ப வருகிறேன்.

தோப்பைத் தாண்டினால் வாய்க்கால். ஆபீஸ் கணினியில் முதல் தடவையே தாண்டிவிட்டேன். அதே பில்டை வீட்டிலிருக்கும் பழைய லேப்டாப்பில் போட்டால், பதினோரு தடவை விழுந்தேன். என் கை அதே கைதான், உன் வாய்க்காலும் அதேதான். உன் புரோகிராமைப் பார்க்காமலே சொல்கிறேன்: முன்னால் நடக்கிற வேகத்தை ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் படம் ஒரு தடவை மாறுவதற்கு, இவ்வளவு என்று எழுதியிருக்கிறாய்.

கணக்குப் போட்டுப் பார். ஒரு ஃபிரேமுக்கு 10 சென்டிமீட்டர் நகர்கிறான் என்று வை. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கணினியில் நொடிக்கு 6 மீட்டர். பழைய லேப்டாப்பில் 30 ஃபிரேம்தான் வருகிறது, எனவே 3 மீட்டர். குதித்து மேலே போய்க் கீழே வரும் நேரத்தை மட்டும் இன்ஜினின், அதாவது கேமை ஓட்டும் மென்பொருளின், இயற்பியல் பகுதி பார்த்துக்கொள்கிறது. அது ஃபிரேமை எண்ணாது, நொடியை எண்ணும். காற்றில் 0.8 நொடி இருக்கிறான் என்றால் உன் கணினியில் 4.8 மீட்டர் தாண்டுவான், என்னுடையதில் 2.4 மீட்டர். வாய்க்கால் அகலம் 4 மீட்டர் என்றால் நான் ஆயுசுக்கும் தாண்ட முடியாது. நொடிக்கு 6 மீட்டர் என்று வைத்து, அதை டெல்டா டைமால், அதாவது போன ஃபிரேமிலிருந்து இந்த ஃபிரேமுக்கு ஆன நேரத்தால் பெருக்கு. எல்லாக் கணினியிலும் ஒரே தாண்டல் வரும்.

டெல்டா டைம் என்ற சொல்லை நீ கேள்விப்படாமல் இருக்க மாட்டாய். நூறு டுடோரியலில் தொண்ணூறில் அது வந்திருக்கும், நீயும் பார்த்துத் தட்டச்சு செய்திருப்பாய். பார்த்து அடிக்கும்போது அது மந்திரம் மாதிரி. ஏன் இருக்கிறது என்று தெரியாது, எடுத்தால் என்ன ஆகும் என்றும் தெரியாது. சொந்தமாக எழுதும்போது விட்டுவிட்டாய். இப்போது விழுந்தது நானாக இருந்தாலும், இனி நீ அதை மறக்க மாட்டாய். வெறும் திரை முன்னால் கை ஓடாததற்கும் இதுதான் காரணம். உனக்கு விடைகள் தெரிகின்றன. அந்த விடை எந்தக் கேள்விக்கு என்பது தெரியவில்லை.

இன்னொன்று, இது பக் (பிழை) இல்லை. வாய்க்கால் ஓரத்துக்கு ஓடிவந்து, விளிம்பில் வைத்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பாதி நேரம் குதிக்கவே மாட்டேன் என்கிறான். நான் தட்டியது ஒரு கண்ணிமைப்பு தாமதம், அதற்குள் கால் தரையை விட்டுவிட்டது, தரையில் இல்லாதவன் குதிக்கக்கூடாது என்று உன் கோட் தடுத்துவிட்டது. விதிப்படி நீ சொல்வது சரி. விளையாடுகிறவளுக்குத் தோன்றுவதோ, “நான் தட்டினேனே, ஏமாத்துது” என்பதுதான். இதற்காகவே விளிம்பைத் தாண்டிய பிறகும் ஒரு சிறு அவகாசம் கொடுப்பார்கள். கார்ட்டூனில் ஓநாய் மாதிரி ஒன்று மலை விளிம்பைத் தாண்டியும் காற்றில் ஓடுமே, அதன் பெயரில் கயோட்டி டைம் என்கிறார்கள். 0.1 நொடி போதும். உன் வேகத்தில் அது 60 சென்டிமீட்டர். 2018இல் வந்த செலஸ்ட் என்ற கேம் ரொம்பக் கடினமானது என்று பெயர் வாங்கியது. அதற்குள் இப்படி எத்தனையோ ரகசியச் சலுகைகள் இருக்கின்றன. விளையாடுகிறவருக்குத் தெரியாது, “என் கை இன்னிக்கு நல்லா பேசுது” என்று நினைத்துக்கொள்வார். அந்த செலஸ்டும் நான்கே நாளில் செய்த ஒரு குட்டி கேமாகத்தான் பிறந்தது.

டிசைனா, புரோகிராமிங்கா என்று கேட்டாயே, இந்த 0.1 நொடி எதில் சேரும், சொல். கோடிங்காகப் பார்த்தால் ஐந்து வரி. ஆனால் அது வேண்டும் என்று முடிவு செய்வது டிசைன். உன் வயதில் இரண்டையும் பிரித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையே இல்லை. டிசைன் என்றால் கதை யோசிப்பது, உலக வரைபடம் போடுவது என்று நீ நினைத்திருக்கிறாய் என்று உன் பில்டிலிருந்து தெரிகிறது. காலேஜில் யாராவது அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கவும் கூடும்.

கணினியை மூடிவிட்டு ஒரு காரியம் செய். உங்கள் பக்கம் பழைய கோயில் மண்டபங்களில் கல்தரையில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் செதுக்கியிருப்பார்கள், பார்த்திருப்பாய். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. ஒரு பக்கம் மூன்று பேர், எதிர்ப்பக்கம் பதினைந்து பேர், இரண்டு பக்கத்துக்கும் விதியே வேறு. புலி தாண்டி வெட்டும், ஆடு சூழ்ந்து அடைக்கும். இப்படி இரண்டு பக்கமும் வேறுவேறாக இருக்கும் ஆட்டத்தைச் சமநிலைக்குக் கொண்டுவருவது பெரிய ஸ்டுடியோக்களுக்கே தலைவலி பிடித்த வேலை. நம் ஆட்கள் கல்லிலேயே முடித்து வைத்திருக்கிறார்கள். நேபாளத்தில் இதன் பங்காளி பாக் சால் என்று ஒன்று இருக்கிறது. அங்கே சதுரக் கட்டம், 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. புள்ளி இரண்டுதான் கூடியது, ஆடு ஏன் ஐந்து கூடியது? கோட்டின் அமைப்பு மாறினால் என்ன மாறுகிறது?

விடுதியில் யாரையாவது பிடித்து, சாக்பீஸில் வரைந்து, 15 ஆட்டோடு ஐந்து ஆட்டம் ஆடு. பிறகு 12 ஆட்டோடு ஐந்து, 18 ஆட்டோடு ஐந்து. யார் ஜெயித்தார்கள் என்பதைவிட எந்த ஆட்டத்தில் எதிராளி “இன்னொரு தடவை” என்றான், எதில் போனை எடுத்துப் பார்த்தான் என்று எழுதி வை. இரண்டு சாயங்காலம் ஆகும். ஒரு செமஸ்டரில் டிசைன் பற்றிப் படித்ததைவிட அதிகம் கிடைக்கும் என்று என்னால் தைரியமாகச் சொல்ல முடியும். வரையத் தெரிய வேண்டாம், கோடிங் தெரிய வேண்டாம்.

அதே மாதிரி கணினியில் செய்யவேண்டிய பயிற்சி ஒன்றும் இருக்கிறது. பாங். ஆமாம், இரண்டு மட்டை, ஒரு பந்து. “அதெல்லாம் முதல் வருஷமே பண்ணியாச்சு அக்கா” என்பாய். நீ செய்ததில் பந்து மட்டையில் பட்டு, வந்த கோணத்திலேயே திரும்பியிருக்கும். கண்ணாடியில் வெளிச்சம் படுவது மாதிரி. அது பத்து நொடியில் சலித்துவிடும்.

1972இல் அடாரி என்ற அமெரிக்க வீடியோ கேம் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஆலன் ஆல்கார்ன் என்ற இன்ஜினியருக்கு, நிறுவனர்களில் ஒருவரான நோலன் புஷ்னல் கைப்பழக்கத்துக்காகக் கொடுத்த வேலைதான் பாங். அது பயிற்சி என்பதைக்கூடச் சொல்லாமல், பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் என்று கதைவிட்டிருந்தார். கம்ப்யூட்டர் புரோகிராமே கிடையாது, எல்லாம் சர்க்யூட். ஆல்கார்ன் மட்டையை எட்டுத் துண்டாகப் பிரித்தார். நடுவில் பட்டால் பந்து நேராகப் போகும், ஓரத்துக்குப் போகப்போகக் கோணம் கூடும். பந்து திரும்பத் திரும்ப அடிபட வேகமும் ஏறும். அவ்வளவுதான். அந்த நிமிஷம் மட்டை சுவராக இருப்பது போய் கை ஆகிவிட்டது. ஓரத்தில் வாங்கி மூலைக்கு வெட்டலாம், ஆனால் ஓரத்துக்கு ஆசைப்பட்டால் பந்தே தவறிப்போகலாம். இன்னொரு கூத்து: சர்க்யூட்டில் இருந்த குறையால் மட்டை திரையின் மேல் விளிம்புவரை போகாது. ஆல்கார்ன் அதைச் சரிசெய்யாமல் விட்டுவிட்டார். இடைவெளி இருந்தால்தான் நன்றாக ஆடுகிறவர்களும் ஒரு கட்டத்தில் தோற்பார்கள், ஆட்டம் முடியும் என்று.

உன் பழைய பாங்கை எடுத்து மட்டையை எட்டாகப் பிரி. டுடோரியல் பார்க்காதே. பிறகு நான்காகப் பிரி, பதினாறாகப் பிரி. எட்டு ஏன் நன்றாக இருக்கிறது, அல்லது உனக்கு எது நன்றாக இருக்கிறது என்று பார். இதற்கு விடை யூடியூபில் இல்லை.

ஒரு கேமை நண்பர்களிடம் காட்டும்போது பக்கத்தில் நின்று விளக்குகிறாயா? நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் வேலையில் ஒரு மொபைல் புதிர் விளையாட்டு. தலைப்பை மரப்பலகையில் செதுக்கினது மாதிரி பளபளவென்று செய்து, கீழே அடக்கமாக ‘ஆரம்பி’ பட்டன் வைத்திருந்தோம். ஆபீஸ் கேன்டீன் அக்கா கையில் கொடுத்தோம். தலைப்புப் பலகையைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினார். “இல்லக்கா, கீழ…” என்று நான் ஆரம்பித்ததும் என் சீனியர் தோளைத் தட்டி, “நீ போனுக்குள்ள குடியிருக்கப் போறியா? வாய மூடிட்டு எழுது” என்றார். அன்று ஆறு பேர் விளையாடினார்கள், ஐந்து பேர் பலகையைத்தான் தட்டினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் பலகையையே பட்டன் ஆக்கினோம். என் சர்வீஸில் இவ்வளவு சீக்கிரம் நான் செய்த நல்ல டிசைன் வேறு இல்லை.

உன் சோழர் கேமை இந்த ஒன்றரை வருஷத்தில் எத்தனை பேர் விளையாடினார்கள்? கடிதத்தில் நீ சொல்லவில்லை. யாரும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். முடிந்த பிறகு காட்டலாம் என்று வைத்திருப்பாய். அது முடியாது தம்பி. எனக்கு வரும் மாணவர் கடிதங்களில் சோழர் கால ஓப்பன் வேர்ல்ட் வாரம் ஒன்றாவது இருக்கிறது. ஆசையில் தப்பில்லை, ஆனால் நூற்றுக்கணக்கானவர்கள் நாலைந்து வருஷம் செய்கிற அளவு அது. நம் வாழ்க்கையைச் சொல்ல நிலப்பரப்பு பெரிதாக இருக்கத் தேவையில்லை. டொரோண்டோவில் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’வை எடுத்துக்கொள். கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், ஒரு சமையலறை. அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது, விட்டுப்போனதை ஊகித்து இட்லி வேகவைக்க வேண்டும், அதுதான் புதிர். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. இட்லித் தட்டை அடுக்குவதை ஆட்டமாக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அந்தக் கண்தான் வேண்டும்.

இன்ஜின் பற்றிச் சுருக்கமாக. யூனிட்டியிலேயே இரு. 2023 செப்டம்பரில் கேம் இன்ஸ்டால் ஆகும் கணக்குக்குக் கட்டணம் என்று அந்தக் கம்பெனி அறிவித்து, ஊரே கொதித்து, ஒரு வருஷம் கழித்து அதைக் கைவிட்டார்கள். அந்தக் கோபத்தில் பலர் இலவசமான, திறந்த மூலமான கோடோவுக்கு மாறினார்கள். அதுவும் நல்லது. ஆனால் மூன்று வருஷத்தில் மூன்று கருவி மாற்றியவன் நான்காவதுக்குப் போகவேண்டாம். படம் வரைய வராது என்பதும் பெரிய தடை இல்லை. சதுரமும் வட்டமும் போதும். கேம் ஜாமில், அதாவது பலர் கூடிக் குறுகிய நேரத்தில் கேம் செய்யும் நிகழ்வில், சேர்ந்தால் வரைகிறவர் கிடைப்பார். ஜனவரி கடைசியில் குளோபல் கேம் ஜாம் வரும், 2009இலிருந்து நடக்கிறது, பல இடங்களில் 48 மணி நேரத்தில் ஒரு கேம். போ. தூங்கவும் தூங்கு.

இப்போது அப்பா. அவர் கேட்டதில் அநியாயம் ஒன்றும் இல்லை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியில் குடும்பங்கள் சிதைந்ததைப் பேப்பரில் படித்தவர் அவர். தமிழ்நாடு தனியாகச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கே தடை போட்டு நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. அந்தத் தடை நீ செய்கிற மாதிரி விளையாட்டைத் தொடவில்லை. இதை அவரிடம் பொறுமையாகச் சொல், கூடவே இந்தத் துறையின் நிலைமையையும் மறைக்காமல் சொல். ‘கேம் டிசைனர்’ என்ற பெயரில் படித்து முடித்தவுடன் வேலை கிடைப்பது அபூர்வம். ஆரம்பம் பெரும்பாலும் டெஸ்டிங்காக இருக்கும், அல்லது ஜூனியர் யூனிட்டி புரோகிராமர். நிறைய இடங்கள் பெங்களூரு, புனே, ஹைதராபாத் பக்கம். சம்பளம் உன் ஐடி நண்பனுடையதைவிட ஆரம்பத்தில் குறைவாக இருக்கும்.

படிப்பை விடாதே. இன்னும் சில மாதம்தான், பட்டம் கையில் இருந்தால் சி ஷார்ப் தெரிந்தவனுக்கு கேம் இல்லாத வேலையும் உண்டு. ஆனால் அந்தச் சில மாதத்தில் இன்னொரு டுடோரியல் பார்க்காதே. நான் ஆள் எடுக்கும்போது என்ன பார்ப்பேன் என்று சொல்கிறேன். எந்தெந்த மென்பொருள் தெரியும் என்று போடும் பட்டியலைத் தாண்டிவிடுவேன். பில்டைத் திறப்பேன். இரண்டு நிமிஷம் விளையாடுவேன். பிறகு, “ஆறு பேர் விளையாடினார்கள், இந்த இடத்தில் சிக்கினார்கள், இப்படி மாற்றினேன்” என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால் அவரைக் கண்டிப்பாகக் கூப்பிடுவேன். அப்படி எழுதி அனுப்புகிறவர் மிகக் குறைவு.

அதனால், சோழரை ஒரு ஃபோல்டரில் பத்திரமாகப் பூட்டி வை. தேங்காயை மட்டும் வெளியே எடு. ஒரு திரை, ஒரு மரம், ஒரு விசை. தட்டினால் விழுகிறது. அதில் என்ன ஆட்டம் இருக்கிறது? கீழே ஒருவர் நடந்துபோகிறாரா, கூடையோடு நிற்கிறாரா, இளநீரும் நெற்றும் கலந்து விழுகிறதா, எனக்குத் தெரியாது, நீ கண்டுபிடி. மூன்று வாரம் வைத்துக்கொள். மெனு வேண்டாம், இன்வென்டரி வேண்டவே வேண்டாம். முதல் வார முடிவிலேயே விடுதி மெஸ் அண்ணன் கையில் கொடு. இட்ச் ஐஓ என்ற இணையதளத்தில் காசு கட்டாமல் ஏற்றலாம். பிளே ஸ்டோரில் போட ஒரு தடவை 25 டாலர் கட்ட வேண்டும். புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்கினால் 12 பேரை வைத்து 14 நாள் சோதித்த பிறகுதான் விடுவார்கள். எரிச்சலான விதி என்று பலர் திட்டுவார்கள், உனக்கு அதுவே நல்லது, பன்னிரண்டு பேரைத் தேடவேண்டிய கட்டாயம் வரும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போவாய் அல்லவா, அப்பா கையில் போனைக் கொடு. ஒன்றும் சொல்லாதே, பக்கத்தில் உட்கார்ந்திரு. அவர் முதலில் எங்கே தட்டுகிறார், எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார், எத்தனையாவது தேங்காய்க்குச் சிரிக்கிறார் என்று எழுதி எனக்கு அனுப்பு. எதை வேண்டுமானாலும் மாற்று, அந்த ‘டொக்’ சத்தத்தை மட்டும் மாற்றிவிடாதே.